கோவலன் கொலையும் முதற்காரணமும்

சிலப்பதிகாரத்தை ஆராய்வோருட் பலர், கோவலன் வீழ்ச்சிக்கு முதற்காரணம் யாது என வினவி, ஒன்றைச் சுட்டி அமைவர். ஊழ் என்பர் ஒருசாரார். கானல்வரியிற் பிறந்த ஐயம் என்பர் மற்றொரு சாரார். பொற்கொல்லன் வஞ்சம் என்பாரும் உளர். விடைகள் வேறுபடினும் முறை ஒன்றே. நிகழ்ச்சிகளைப் பின்னோக்கித் தொடர்ந்து, ஓரிடத்து நின்று, அதனையே வேர் என்பர். நிற்கும் இடத்தை வரையறுப்பது பெரிதும் ஆராய்வோர் விருப்பமே.

ஊழை நூலே கூறுகின்றதன்றோ எனின், கூறுகின்றது. 23ஆம் காதையாகிய கட்டுரை காதையில், முற்பிறப்பிற் பரதன் என்னும் பெயரினனாய்ச் சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனக் காட்டிக் கொல்வித்த வினையே கோவலனை வந்துற்றது என்று மதுராபதித் தெய்வம் உரைக்கின்றது. ஆயின் அத்தெய்வம் அதற்கு முன்னரே வார்த்திகன் வரலாற்றையும் உரைக்கின்றது. இதனை ஊழ்வாதியர் விரைந்து கடந்து செல்வது வியப்பே.

வார்த்திகன் குற்றமற்ற அந்தணன். அழுக்காறுற்ற அரச ஏவலர் அவன்மீது பொருள் கவர்ந்த பழி சுமத்திச் சிறையிட்டனர். அவன் மனைவி கார்த்திகை அரற்றினாள். கொற்றவை கோயிற்கதவு திறவாதாயிற்று. பாண்டியன் காரணம் வினவி, உண்மை தேர்ந்து, அவனை விடுவித்து, திருத்தங்காலும் வயலூரும் அளித்துப் பிழை பொறுக்க வேண்டினான். பாண்டியர் செங்கோலைப் புகழ்தற்கே தெய்வம் இதனைக் கூறிற்று என்பது பொருந்தும். எனினும் இரு வழக்கிற்கும் நாடு ஒன்று; பொய்ப்பழியும் ஒத்ததே. வேறுபாடு யாண்டுள்ளது? வார்த்திகன் உயிரோடு சிறையிலிருந்தான்; ஆதலின் பிழையைத் திருத்தக் காலம் இருந்தது. கோவலனுக்கு அக்காலம் வாய்க்கவில்லை.

ஏன் வாய்க்கவில்லை என்பதைக் கொலைக்களக் காதை (16) நுணுக்கமாகக் காட்டுகின்றது. ஊடிய தேவியை நாடிச் செல்லும் விரைவில் மன்னன் ஆணையிடுகின்றான். சிலம்பை வருவித்துப் பார்த்தானல்லன். அதன் பரல் மாணிக்கமா முத்தா என்னும் எளிய வினா, 20ஆம் காதையிற் கண்ணகி வரும்வரை எவராலும் கேட்கப்படவில்லை. காவலர் கோவலனைக் கள்வன் அல்லன் என்றே கருதினர். பொற்கொல்லன் கள்வர்க்குத் துணையாவன எட்டினை விரித்து அவர்தம் ஐயத்தைக் கலைத்தான். செய்வது யாதெனக் காவலர் மயங்கி நிற்க, கல்லாக் களிமகன் ஒருவன் வாளோச்சினான்.

இவற்றுள் எதுவும் தனித்து நின்று கோவலனைக் கொன்றிராது. விரைந்த ஆணையோடு எவரேனும் சிலம்பைத் திறந்து நோக்கியிருப்பின், வஞ்சம் வெளிப்பட்டிருக்கும். இவையனைத்தையும் ஊழின் கணக்கில் எழுதிவிடின், ஒரு பழி திருத்தப்பட்டதும் மற்றொன்று திருத்தப்படாததும் ஏன் என்பதற்கு அவ்விளக்கத்தில் இடமில்லை. வார்த்திகன் கதையைப் பின்வந்தோர் சேர்த்த இடைச்செருகல் என்று தள்ளினாலன்றி, ஊழ்வாதியர் இவ்வினாவினின்று தப்புதல் அரிது.