ஃப்ரீசருக்குள் போன மடிக்கணினி

2018 ஜூலையில் டேவ் லீ என்ற கனடா யூடியூபர் தம் புத்தம்புது மேக்புக் ப்ரோவைக் கொண்டுபோய் ஃப்ரீசருக்குள் வைத்தார். கோர் ஐ9 பிராசஸர் பொருத்திய 15 அங்குல மாடல் அது. மேசை மேல் வைத்து ஒரு வீடியோவை எக்ஸ்போர்ட் செய்தபோது 40 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொண்டது. ஃப்ரீசருக்குள் அதே வேலையை 27 நிமிடத்தில் முடித்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டின் ஐ7 மாடலோ மேசையிலேயே 35 நிமிடத்தில் முடித்திருந்தது. கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய வேகம் முழுவதும் சூட்டில் கரைந்து, கையிருப்பிலும் கொஞ்சம் போயிருந்தது.

வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஃபர்ம்வேரில் ஒரு டிஜிட்டல் சாவி விடுபட்டுவிட்டதாகச் சொன்ன ஆப்பிள், அதே மாதத்தில் திருத்தம் வெளியிட்டு மன்னிப்பும் கேட்டது. நிலைமை பெருமளவு சீரானது. ஆனாலும் வொர்க்ஸ்டேஷன் மடிக்கணினி வாங்குகிறவர் எடைபோட வேண்டிய திரை, குளிரூட்டல், விசைப்பலகை மூன்றையும் சேர்த்துச் சோதிக்க இதைவிட நல்ல உரைகல் எனக்குக் கிடைக்கவில்லை. அதன் திரையில் குறை சொல்ல ஒன்றுமில்லை: 2880×1800 புள்ளிகள், 500 நிட் வெளிச்சம், பி3 வண்ணப்பரப்பு. விசைப்பலகையோ பட்டர்ஃபிளை வகை. உள்ளே ஒரு தூசி புகுந்தால் ஓர் எழுத்து இரண்டாக விழும், அல்லது விழவே விழாது. 2018 ஜூனில் இலவசப் பழுதுநீக்கும் திட்டம் அறிவித்த ஆப்பிள், 2022இல் அது தொடர்பான வழக்கை முடித்துக்கொள்ள 5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மாடலில் பழைய கத்தரி வகை விசைகள் திரும்பி வந்தன. காற்றோட்டம் 28 விழுக்காடு கூடியது. தடிமன் 15.5 மில்லிமீட்டரிலிருந்து 16.2 ஆனது. ஒரு நகத்தளவு தடிமனைத் திருப்பிக் கொடுத்ததில் இரண்டு குறைகள் தீர்ந்தன.

இதிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம். கடையில் நாம் மூன்று தனித்தனிப் பொருள்களாக ஒப்பிட்டுப் பார்ப்பவை உண்மையில் தனித்தனியானவை அல்ல. விசை கீழே அமிழ இடம் வேண்டும். விசிறிக்கும் ஹீட் பைப்புக்கும் இடம் வேண்டும். இரண்டும் ஒரே பெட்டியின் ஒரே உயரத்துக்காக அடித்துக்கொள்கின்றன. திரை அந்தச் சண்டையில் நேரடியாக இல்லை என்றாலும் பேட்டரியில் கை வைக்கிறது: 1920×1200 திரையில் 23 லட்சம் புள்ளிகள், 3840×2400 திரையில் 92 லட்சம்.

திரையின் கட்சியை முதலில் கேட்போம். அதன் வாதம் எளிமையானது, வலுவானது: நாள் முழுவதும் நீ பார்ப்பது என்னைத்தான். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் பழைய மடிக்கணினி ஒன்றில் அட்டைப்பட வேலை பார்த்தேன். படத்தில் இருந்தது அரக்குப் பட்டுப்புடவை. என் திரையில் அது சோர்ந்துபோன செங்கல் நிறமாகத் தெரிந்ததால் சிவப்பைக் கூட்டினேன். அச்சாகி வந்தபோது புடவை தக்காளியாக இருந்தது. அந்தத் திரை 45 விழுக்காடு என்டிஎஸ்சி வகை. பெட்டியில் ‘முழு எச்டி, ஐபிஎஸ்’ என்று போட்டிருந்தது பொய் அல்ல. வண்ணத்தைப் பற்றி அது வாயே திறக்கவில்லை, அவ்வளவுதான். 45 விழுக்காடு என்டிஎஸ்சி என்பது எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான வண்ணத் தரத்தில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட எட்டாது. 72 விழுக்காடு இருந்தால்தான் ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபி. வொர்க்ஸ்டேஷன் என்ற பெயர்ப்பலகையோடு விற்ற மாடல்களிலும் அடிநிலைத் தேர்வாக இந்தச் சோகைத் திரைகள் இருந்ததுண்டு. பழைய ரீஃபர்பிஷ்ட் மாடல் தேடிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது ‘எத்தனை ஜிபி ரேம்’ என்பதல்ல, இந்தத் திரை எந்த வகை என்பதைத்தான்.

ஆக, திரைக்கு ஒரு தரைமட்டம் உண்டு. முழு எஸ்ஆர்ஜிபி, 300 நிட்டுக்குக் குறையாத வெளிச்சம், பளபளக்காத மேட் பரப்பு. இதற்குக் கீழே எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அகலத்துக்கு ஏற்ற உயரமும் முக்கியம்: 16:9 திரையின் 1080 வரிகளோடு 16:10 திரை 120 வரிகளைச் சேர்த்துத் தருகிறது. நிரல் எழுதுகிறவருக்கும் டைம்லைனில் உட்கார்ந்திருப்பவருக்கும் அந்த 120 வரி, கருவிப்பட்டை ஒன்றை மூடாமல் வைத்திருக்கப் போதும்.

தரைக்கு மேலே எவ்வளவு ஏறலாம் என்பதில்தான் எனக்குத் திரையின் கட்சியோடு தகராறு. அச்சு வேலைக்காரருக்கு அடோபி ஆர்ஜிபி தேவை, சினிமா வண்ணச் சீரமைப்பாளருக்கு பி3 தேவை, சரி. கட்டட வரைபடம் போடுகிறவருக்கும் சிமுலேஷன் ஓட்டுகிறவருக்கும் இவை எதற்கு? ஓலெட் திரையின் கருமை உண்மையிலேயே அழகு. ஆனால் ஆட்டோகேட், பிளெண்டர் போன்றவற்றில் கருவிப்பட்டை ஒரே இடத்தில் மணிக்கணக்காக அசையாமல் நிற்கும். அதன் நிழல் நாளடைவில் திரையில் படிந்துபோகும் அபாயம் ஓலெட்டுக்கு உண்டு. வெளிச்சத்தைக் குறைக்கும்போது பல ஓலெட் திரைகள் மினுக்கிக்கொண்டே இருப்பதால் சிலருக்குக் கண் வலியும் வரும். படம் பார்க்க வாங்குவது வேறு, வேலை பார்க்க வாங்குவது வேறு.

அடுத்தது குளிரூட்டல். இதுதான் வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாதது. கடையில் ஐந்து நிமிடம் தட்டிப் பார்த்தால் எந்த மடிக்கணினியும் சூடாகாது. விவரப்பட்டியலிலும் இதற்கென்று நாணயமான ஓர் எண் கிடையாது. இருக்கும் எண்களோ திசைதிருப்புபவை. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் ஏ2000 மடிக்கணினி ஜிபியுவை எடுத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் அதற்கு 35 வாட்டிலிருந்து 95 வாட் வரை எதையும் கொடுக்கலாம். பெயர் ஒன்றே, ஸ்டிக்கர் ஒன்றே. 35 வாட்டில் ஓடும் ஏ2000-உம் 95 வாட்டில் ஓடும் ஏ2000-உம் ஒரே பொருள் என்று சொல்வது, ஒரே ஊர்ப் பெயர் கொண்ட இரண்டு பேரை அண்ணன் தம்பி என்று சொல்வதுபோல.

பிராசஸரிலும் இதே கதைதான். 2022இல் லெனோவோ இரண்டு வொர்க்ஸ்டேஷன்களை விற்றது. திங்க்பேட் பி1 ஐந்தாம் தலைமுறை: 17.7 மி.மீ. தடிமன், 1.8 கிலோவிலிருந்து தொடங்கும் எடை. திங்க்பேட் பி16 முதல் தலைமுறை: 30 மி.மீ., ஏறத்தாழ 3 கிலோ. முதலாவதில் 45 வாட் அடிப்படைத் திறனும் 115 வாட் உச்சமும் கொண்ட இன்டெல் எச் வரிசை. இரண்டாவதில் 55 வாட் அடிப்படையும் 157 வாட் உச்சமும் கொண்ட எச்எக்ஸ் வரிசை. வியப்பு என்னவென்றால், ஆர்டிஎக்ஸ் ஏ5500 என்ற அதே உயர்நிலை ஜிபியுவை இரண்டிலும் வாங்கலாம். பெயரை மட்டும் பார்ப்பவர், இவ்வளவு குறைந்த எடையில் அதே சக்தி கிடைக்கிறதே என்று மெலிந்ததை எடுப்பார். உச்ச வேகம் எல்லாவற்றிலும் சில நொடிகளுக்கு உண்டு. ஒரு மணி நேர ரெண்டரில் நாற்பதாவது நிமிடத்தில் என்ன வேகம் என்பதுதான் கேள்வி. அதைத் தீர்மானிப்பது பிராசஸரும் அல்ல, ஜிபியுவும் அல்ல. பெட்டிக்குள் எவ்வளவு செம்பு இருக்கிறது, எவ்வளவு காற்று போகிறது என்பதே.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. விசிறியால் எந்தப் பொருளையும் அறை வெப்பநிலைக்குக் கீழே குளிர்விக்க முடியாது. இன்டெல் மடிக்கணினி பிராசஸரின் மேல் எல்லை பொதுவாக 100 டிகிரி செல்சியஸ். சோதித்தவரின் அறை 25 டிகிரி என்றால் வெப்பம் இறங்கிப் போக 75 டிகிரி சரிவு இருக்கிறது. மே மாதத்தில், ஏசி இல்லாத சென்னை அறை 38 டிகிரி என்றால் அந்தச் சரிவு 62 ஆகிவிடும். வெப்பம் வெளியேறும் அளவு ஏறத்தாழ இந்தச் சரிவைப் பொறுத்தது. எனவே அதே விசிறியும் அதே ஹீட் பைப்பும் நம் வீட்டில் ஆறில் ஒரு பங்கு வலுவைக் கழித்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகின்றன. பிறகு தூசி படியும், தெர்மல் பேஸ்ட் காயும், அது தனி. திங்க்பேட், மேக்புக் இரண்டின் விவரக்குறிப்பிலும் இயங்குவதற்கான மேல் எல்லை 35 டிகிரி என்றுதான் இருக்கும். அந்த வரியை நம்மில் யார் படித்திருக்கிறோம்?

அடியில் வைக்கும் கூலிங் பேட் உதவாதா என்று கேட்பார்கள். காற்று நுழைய வழிவிடுகிற அளவுக்கு உதவும். பின்பக்கத்தை இரண்டு புத்தகத்தால் உயர்த்தி வைத்தாலும் கிட்டத்தட்ட அதே பயன்தான். உள்ளே இருக்கும் சின்ன ஹீட் பைப்பை அது பெரிதாக்கப் போவதில்லை.

விசைப்பலகையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அதன் தீர்ப்பை உங்கள் விரல்கள் பத்து நிமிடத்தில் எழுதிவிடும். திங்க்பேட் விசைகள் முன்பு 1.8 மி.மீ. அமிழ்ந்தன, பிறகு பல மாடல்களில் 1.5 ஆகச் சுருங்கின. பழகியவர்கள் இதற்காக அழுதார்கள். எனக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. அமிழும் ஆழத்தைவிட விசைகளின் இருப்பிடம்தான் என்னைப் படுத்துகிறது. தமிழ்99 முறையில் தட்டச்சு செய்கிறவர்களுக்குச் சகரம் சதுர அடைப்புக்குறி விசையில் இருக்கிறது. நகரம் அரைப்புள்ளி விசையில், யகரம் அதன் வலப்பக்கத்து மேற்கோள் விசையில். சில மாடல்களில் இடம் மிச்சம் பிடிக்க முதலில் ஒல்லியாக்கப்படுவது இந்த வலது ஓரத்து விசைகள்தான். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு அது அரிதாகத் தொடும் மூலை. நமக்கோ வரிக்கு நான்கு முறை சுண்டுவிரல் போய் வரும் இடம். எந்த மதிப்புரையிலும் இது வராது.

விசைப்பலகையின் உண்மையான அபாயம் பிடிக்காமல் போவதில் இல்லை, பழுதாவதில் இருக்கிறது. பட்டர்ஃபிளை விசை கெட்டால் மேல்மூடி முழுவதையும், ஒட்டியிருக்கும் பேட்டரியோடு சேர்த்து மாற்ற வேண்டியிருந்தது. வாங்குவதற்கு முன் சர்வீஸ் மேனுவலைத் திறந்து, விசைப்பலகை தனியாகக் கழலுமா என்று ஒருமுறை பாருங்கள்.

இனி, இந்த விவாதத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் வாதம் ஒன்று: திரையையும் விசைப்பலகையையும் வெளியில் வாங்கிச் செருகிக்கொள்ளலாம், குளிரூட்டலை அப்படி வாங்க முடியாது, ஆகவே குளிரூட்டலுக்கே முதலிடம். முடிவு எனக்கு உடன்பாடு, காரணம் உடன்பாடில்லை. எப்போதும் மானிட்டரும் கீபோர்டும் செருகியே உட்காரப் போகிறவர் மடிக்கணினி வாங்குவதே வீண். அந்தப் பணத்துக்கு ஒரு டவர் வாங்கினால் மூன்று குறையும் தீரும். வீட்டிலும் அலுவலகத்திலும் மேசை வைத்துக்கொண்டு, நடுவில் பெட்டியை மட்டும் சுமக்கிறவருக்குத்தான் இந்த வாதம் பொருந்தும். சைட்டில், ரயிலில், வாடிக்கையாளர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் திறக்கிறவருக்கு மூன்றும் பெட்டியோடு வந்தாக வேண்டும்.

குளிரூட்டலை நான் முன்னால் வைப்பதற்குக் காரணம் வேறு. திரையின் குறையும் விசையின் குறையும் திறந்த அன்றே தெரிந்துவிடும், திருப்பிக் கொடுக்கலாம். சூட்டின் குறை வேலை நெருக்கும் நாளில்தான் தெரியும். கூடுதல் பணம் போக வேண்டிய இடம் அது. விசைப்பலகைக்குப் பணம் வேண்டாம், மறுக்கும் உரிமை மட்டும் கொடுங்கள்: பிடிக்கவில்லை என்றால் மற்றது எதுவும் அதைக் காப்பாற்றக் கூடாது. திரை தரைமட்டத்தைத் தாண்டினால் போதும்.

இந்த அளவுகோலில் பி1-ஐவிட பி16 மேல். டெல்லின் மெலிந்த ப்ரிசிஷன் 5000 வரிசைக்கும் தடித்த 7000 வரிசைக்கும், எச்பியின் ஸ்டூடியோவுக்கும் ஃப்யூரிக்கும் இடையிலும் என் ஓட்டு இதேபோலத் தடித்ததற்குத்தான். பி16-இல் எண் பலகை இருப்பதால் எழுத்து விசைகள் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும். வரைபடக்காரருக்கு அது வரம், என்னைப்போல எழுதிப் பிழைப்பவருக்கு எரிச்சல். மூன்று கிலோவுக்கு மேல் சார்ஜர் எடையும் உண்டு, தோள் கேட்கும். உங்கள் மென்பொருள் மேக்கில் ஓடுமென்றால் 2021க்குப் பிந்தைய 16 அங்குல மேக்புக் ப்ரோக்கள் இந்தச் சண்டையிலிருந்தே விலகி நிற்கின்றன. சொந்த பிராசஸர் வந்தபிறகு சூடு குறைந்தது, அப்படியிருந்தும் ஆப்பிள் பெட்டியைத் தடிமனாக்கியது. ரெவிட், சாலிட்வொர்க்ஸ் வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு அந்தக் கதவு இல்லை. இரண்டும் விண்டோஸுக்கு மட்டுமே எழுதப்பட்டவை.

எதை எடுத்தாலும் ஏப்ரல், மே மாதத்தில் வாங்குங்கள். திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் ஒரு நாள், மதியம் இரண்டு மணிக்கு, ஏசி போடாமல் உங்கள் சொந்த வேலையை ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். முதல் பத்து நிமிட வேகத்தையும் கடைசிப் பத்து நிமிட வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பாதியாகக் குறைந்திருந்தால் மறுநாளே கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.