நாள்மீனும் ஆண்டெண்ணும்: திருப்பெரும்பூதூர் விழாவும் ஊர் வரலாறும்

ஊர் வரலாறு எழுதப் புகுவார்க்கு முதற்கண் கிட்டும் சான்றுகள் மூன்று. அவை கல்வெட்டு, தலபுராணம், விழா என்பன. இவற்றுள் கல்வெட்டினை வரலாற்றறிஞர் போற்றுவர். தலபுராணத்தை இலக்கிய மாணவர் ஆராய்வர். விழாவினையோ இருசாராரும் முன்னுரையில் ஒரு பத்தியளவு புனைந்துரைத்து அகல்வர். விழாவால் மெய்ப்பிக்க இயலாத ஒன்றினை அதன்மேல் ஏற்றிக் கூறுதலும், அது மெய்ப்பிக்க வல்லதனைக் காணாது விடுதலும் ஊர் வரலாற்று ஏடுகளிற் பலகாலும் நேரும் குறைகளாம். இக்குறைகள் எவ்வாறு எழுகின்றன என்பதனைத் திருப்பெரும்பூதூரை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருப்பெரும்பூதூர் இராமாநுசர் பிறந்த ஊர். வடமொழியாளர் இதனைப் பூதபுரி என்பர். சிவபெருமானாற் சபிக்கப்பட்ட பூதகணங்கள் இங்குத் தவமிருந்து ஆதிகேசவப் பெருமாளருளால் உய்ந்தன என்பது தலபுராணம். இங்குள்ள இராமாநுசர் திருமேனியை, அவர் வாழ்ந்த காலத்திலேயே அமைக்கப்பெற்று அவராலேயே தழுவப்பெற்றது எனக் கொண்டு, 'தானுகந்த திருமேனி' என வைணவர் வழங்குவர். ஆண்டுதோறும் சித்திரைத் திங்களில் திருவாதிரையை நிறைவு நாளாகக் கொண்டு பத்து நாள் விழா நிகழ்கின்றது. திருமால் கோயிலில் அடியார் ஒருவருக்குத் தேரும் பத்து நாள் விழாவும் அமைந்திருத்தல் இவ்வூர்க்குரிய பெருஞ்சிறப்பு.

இவ்விழாவின் அடிப்படை யாது? அது நாள்மீன். பிறந்த நாளினை விழவாகக் கொள்ளுதல் தமிழர்க்குப் புதிதன்று. வேந்தன் பிறந்த நாளைக் கொண்டாடும் பெருமங்கலத்தைத் தொல்காப்பியர் புறத்திணையியலுள் வைத்து ஓதினார். முதலாம் இராசராசன் பிறந்த சதய நாளில் நிகழ்ந்த விழாக்களைத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் குறிக்கின்றன. வேந்தர்க்குரிய இம்மரபு, துறவியர்க்கு அரசர் எனப் பொருள்படும் 'எதிராசர்' என்னும் பெயரும், 'உடையவர்' என்னும் பெயரும் பெற்ற ஓர் ஆசிரியர்க்கு உரியதாயிற்று. பதினைந்தாம் நூற்றாண்டினரான மணவாள மாமுனிகள் தம் உபதேச ரத்தினமாலையில் ஆழ்வார்களின் நாள்மீன்களை நிரல்படக் கூறிச் சித்திரைத் திருவாதிரையின் ஏற்றத்தையும் தனித்தெடுத்து உரைக்கின்றார்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். பெருமங்கல நாளில் வேந்தன் வெள்ளணி அணிதலைப் பழைய உரையாசிரியர் கூறுவர். உடையவர் உற்சவத்தின் ஒரு நாளில் வெள்ளைச் சாத்துப்படி செய்யும் வழக்கம் வைணவக் கோயில்கள் சிலவற்றில் உண்டு. இவ்விரண்டினையும் ஒன்றெனக் கொள்ளுதற்கு மாணவர் விரைதல் கூடும். பின்னையதற்கு மரபு கூறும் காரணம் வேறு. சோழ வேந்தனுக்கு அஞ்சிக் காவி நீத்து வெள்ளாடை புனைந்து உடையவர் மேற்றிசை சென்றார் என்னும் குருபரம்பரை நிகழ்ச்சியையே அது நினைவூட்டுகின்றது. நிறம் ஒன்றாதல் பற்றி வழக்கும் ஒன்றாகிவிடாது.

இனி ஆண்டினை நோக்குவாம். பிங்கள ஆண்டு, சித்திரைத் திங்கள், திருவாதிரை என்பது மரபு கூறும் பிறப்புக் காலம். சக ஆண்டு 939 என்பதனை 'தீர்லப்தா' என்னும் எழுத்தெண் தொடராலும், மறைவாண்டாகிய 1059 என்பதனை 'தர்மோ நஷ்ட' என்னும் தொடராலும் மரபினர் போற்றி வந்துள்ளனர். இவை முறையே கி.பி. 1017, 1137 ஆகும். ஆசிரியர் வாழ்நாள் 120 ஆண்டு என்பது இதனாற் பெறப்படும். இவ்வளவு நீண்ட வாழ்நாளை ஏற்கத் தயங்கிய ஆராய்ச்சியாளர் சிலர் பிறப்பினை 1077 எனவும் மறைவினை 1157 எனவும் கொண்டனர். இராமாநுசரை ஆதரித்தானென்று கூறப்படும் போசள மன்னன் விட்டுணுவர்த்தனன் பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்டவன் என்பதும் இக்கொள்கைக்குத் துணையாகும்.

இவ்விரு கொள்கைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு சரியாக அறுபது ஆண்டு என்பது நோக்கற்பாலது. அறுபதாண்டு வட்டத்தில் 1017 பிங்களமாயின் 1077உம் பிங்களமே. ஆதலின் 'பிங்களச் சித்திரைத் திருவாதிரை' என்னும் நினைவு இரு கொள்கைக்கும் ஒருங்கே பொருந்துகின்றது. எழுத்தெண் தொடர்கள் முன்னைக் கொள்கையையே வலியுறுத்தும் என்பது உண்மை. எனினும் அவை கற்றோர் நினைவில் நிற்பனவேயன்றி விழாவினை நடத்துவன அல்ல. 2024ஆம் ஆண்டில் மே 12ஆம் நாளும், 2025ஆம் ஆண்டில் மே 2ஆம் நாளும் திருவாதிரை வந்தது. விழாவும் அவ்வந்நாளிலேயே நிறைவெய்தியது. எத்தனையாம் ஆண்டு என்னும் வினாவிற்கு விடை யாதாயினும் தேர் நிலைபெயர்ந்து மீளும். எனவே, திருப்பெரும்பூதூர் விழாவினைக் காட்டி 1017 என்னும் ஆண்டினை நிறுவ முயல்வோர் விழாவிடம் இல்லாத சான்றினை வேண்டுகின்றனர். அவ்வாண்டினை மறுப்பார் விழாவினையே ஐயுறுதலும் அத்தகையதே.

2017ஆம் ஆண்டின் ஆயிரமாண்டு நிறைவுக் கொண்டாட்டம் இதனின் வேறாய ஒரு வகை. அவ்வாண்டு மே முதல் நாளில் இந்தியப் பிரதமர் இராமாநுசர் நினைவு அஞ்சல்தலையைப் புதுதில்லியில் வெளியிட்டார். ஐதராபாத்தை அடுத்த முச்சிந்தலில் 216 அடி உயரச் சிலை 2022 பிப்ரவரி 5ஆம் நாள் திறக்கப்பெற்றது. நூறும் ஆயிரமும் ஆகிய எண்களைக் கொண்டு சிறப்பெய்தும் இவ்வகை நாள்மீன் மரபினின்றும் பிறந்ததன்று. ஆங்கில ஆட்சிக் காலத்திற்குப் பின் நம்மிடை வேரூன்றிய நூற்றாண்டு விழாக்களின் வழிவந்தது. 2017 ஏவிளம்பி ஆண்டேயன்றிப் பிங்களம் அன்று. அறுபதாண்டு வட்டத்தை நோக்கின் பிங்களம் வந்தது 1977இல். இனி வருவது 2037இல். எண் விழாவிற்கு எண்ணே இன்றியமையாதது; இடம் எதுவாயினும் அமையும். நாள்மீன் விழாவிற்கோ இன்ன தெரு, இன்ன மண்டபம், இன்னார் கைங்கரியம் என்பன இன்றியமையாதன. இந்நுண்வேறுபாட்டை மறந்தமையாலேயே, ஆயிரமாண்டினையொட்டி ஆசிரியரைப் பற்றிய எழுத்துப் பெருகியும், ஊரைப் பற்றிய ஆராய்ச்சி அதற்கேற்ப வளர்ந்திலது. பழைய குருபரம்பரை நூல்களிலும் இளையாழ்வார் கல்வி வேட்டுக் காஞ்சிப்புறம் சென்றபின் பிறந்த ஊர் பெரும்பாலும் பின்னிடுகின்றது. அப்பழங்குறை இன்றும் தொடர்கின்றது.

விழாவின் இயல்பு விளங்க, விழாவில்லாத ஒரு நிகழ்ச்சியோடு ஒப்பிடுதல் நன்று. இதே நிலப்பகுதியில், ஒரகடத்திற்கு அணித்தாகவுள்ளது மணிமங்கலம். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்மன் சளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை வென்ற களங்களுள் இவ்வூரும் ஒன்று எனக் கூரம் செப்பேடு கூறும். தென்னாட்டு வரலாற்றினையே மாற்றிய போர் அது. எனினும் அதற்கொரு விழா இல்லை. பெருநிகழ்ச்சிகளெல்லாம் விழாவாதல் இல்லை என்பது இதனாற் புலனாம். மீள மீள வரும் ஒரு நாள், ஓதுதற்குரிய ஒரு நூல், உலாவுதற்குரிய வீதி, தலைமுறைதோறும் பணியினை உரிமையாக ஏற்கும் மக்கள் ஆகிய நான்கும் ஒருங்கு கூடியவிடத்தே நினைவு விழாவாக நிலைபெறும். பெரும்பூதூரில் திருவாதிரையும், நூற்றெட்டுப் பாடலாலாய இராமாநுச நூற்றந்தாதியும், கோயிலைச் சூழ்ந்த வீதிகளும், கைங்கரிய உரிமையுடையாரும் அமைந்தமையின் நினைவு விழாவாயிற்று. மணிமங்கலத்தில் இவை கூடாமையின் போர் செப்பேட்டளவில் நின்றது.

இக்காலத்து நிகழ்ச்சியொன்றும் இவ்வூரில் நினைவுநாள் பெற்றுள்ளது. முன்னாட் பிரதமர் இராசீவ் காந்தி 1991 மே 21ஆம் நாள் இங்குக் கொலையுண்டார். அவ்விடத்தெழுந்த நினைவகம் 2003இல் திறக்கப்பெற்றது. ஆண்டுதோறும் மே 21இல் அஞ்சலி நிகழ்கின்றது. ஆங்கில நாட்காட்டியின் தேதியும் அரசியல் முறைமையும் பற்றியது இது. ஓதும் நூலும் தெருவுலாவும் இதற்கில்லை. ஓரூரிலேயே சில நாள் இடையிட்டு வரும் இவ்விரு நினைவுகளும் இருவேறு காலக்கணக்கின்படி இயங்குதல் ஊர் வரலாற்று மாணவர் கருதத்தக்கது.

ஆயின் விழா எதற்குத்தான் சான்றாகும்? ஆண்டிற்கன்று, உறவிற்கு. எவ்வூரார் வடம் பிடித்தனர், எக்குடியார் குடை கொணர்ந்தனர், எம்மண்டபத்தில் எவர் மண்டகப்படி நிகழ்ந்தது, ஓதுவாருள் முதலிடம் எவர்க்கு என்பனவற்றை விழாவே காட்டும். அங்ஙனமே தேர் செல்லாத தெரு எது, வடம் தொடும் உரிமை எவர்க்கு எக்காலத்துக் கிட்டிற்று என்பனவற்றையும் விழாவிடமே கேட்டறிதல் வேண்டும். திருக்கோட்டியூர்க் கோபுரத்தேறி மறைபொருளை அனைவர்க்கும் வெளியிட்டார் எனப் போற்றப்படும் ஆசிரியரின் விழாவினை ஆராய்வார் இவ்வினாவைத் தவிர்த்தல் நேர்மையன்று. புகழ்ந்துரைக்கும் விழா நூல்கள் இவ்விடத்து வாய் மூடுகின்றன. ஆராய்ச்சி அவ்வாறு இருத்தலாகாது.

இவ்வாராய்ச்சி இன்று விரைந்து செய்தற்குரியது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை 1998இல் உற்பத்தி தொடங்கியது முதலாக இந்நிலப்பகுதியின் தோற்றம் மாறியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ நிசான், 2012இல் டைம்லர் ஆகியவற்றின் ஆலைகள் எழுந்தன. 2006இல் பெரும்பூதூரிற் தொடங்கிய நோக்கியா ஆலை எட்டாண்டே நடைபெற்று 2014இல் மூடப்பெற்றது. வயலும் மேய்ச்சலும் ஆலைமனையாயின. பிற மாவட்டத்தாரும் பிற மாநிலத்தாரும் குடிபுகுந்தனர். நிலத்தைச் சார்ந்து நின்ற பணியுரிமைகள் நிலம் கைமாறியபின் எந்நிலை எய்தின? இதற்கு விடை கூறவல்ல முதியோர் சிலரே எஞ்சியிருப்பர். கல்வெட்டு நூறாண்டு கழித்துப் படிப்பினும் படிக்கலாம். முதியோர் நினைவு அங்ஙனம் காத்திராது.

விழா வழக்கங்களும் காலந்தோறும் மாறுவன அல்லவோ, அவற்றைச் சான்றெனக் கொள்ளுதல் எங்ஙனம் பொருந்தும் என வினவலாம். மாறுவன என்பது மெய்யே. மாறுவதனாலேயே ஒவ்வொரு நிலையினையும் ஆண்டு குறித்து எழுதிவைத்தல் கடனாகின்றது. விழாவிற்கு ஆண்டு வேண்டுவதில்லை. விழாவினை எழுதுவார்க்கு வேண்டும்.

ஆதலின் முதுகலை மாணவர் இருவர் மூவர் ஒரு சித்திரையில் பத்து நாளும் பெரும்பூதூரில் தங்கி, ஓதும் முறையும் உலாவும் வீதியும் பணியுரிமையும் கேட்டு எழுதுவராயின், அவ்வேடு ஆயிரமாண்டினைப் பாராட்டிய பல மலர்களினும் ஊர் வரலாற்றிற்குப் பயன்படும். அடுத்த பிங்களம் 2037இல் வருகின்றது. அதற்குள் அப்பணி முற்றுப்பெறுதல் வேண்டும்.