லேசர் வாயு ஆய்வுக் கருவி: கையேடு சொன்னதும் சொல்லாததும்

கருவியோடு பெட்டியில் வரும் கையேட்டை நாம் நூலாகக் கருதுவதில்லை. எனவே அதற்கு மதிப்புரை எழுதுவோரும் இல்லை. பாடநூலில் குறை இருந்தால் மாணவனுக்கு மதிப்பெண் குறையும். கையேட்டில் குறை இருந்தால் தொழிலாளியின் உயிருக்கே கேடு வரலாம். அண்மையில் என் கைக்கு வந்த ஒரு லேசர் வாயு ஆய்வுக் கருவியின் கையேட்டை அந்த நோக்கோடு படித்தேன். தயாரிப்பாளரின் பெயர் இங்கு வேண்டாம்.

முதலில் கருவியைப் பற்றிச் சில சொற்கள். கொதிகலன், உலை ஆகியவற்றின் புகைக்குழாயில் எதிரெதிராக இரண்டு துளைகள் இருக்கும். ஒன்றில் லேசரும் மற்றொன்றில் ஒளியுணர் கருவியும் பொருத்தப்படும். ஒவ்வொரு வாயுவும் தனக்கே உரிய அலைநீளத்தில் ஒளியைக் கவர்கிறது. ஆக்ஸிஜனுக்கு அது சுமார் 760 நானோமீட்டர். வழியில் எவ்வளவு ஒளி குறைந்தது என்பதைக் கொண்டு வாயுவின் அளவை அறிகிறோம். இந்தத் தத்துவத்தைக் கையேடு தெளிவாகவே விளக்குகிறது. அதற்குப் பாராட்டு உரியது.

லேசர் ஒளி பற்றிய எச்சரிக்கையும் நன்று. கருவி 'முதல் வகுப்பு' லேசர் என்றும், மூடிய நிலையில் கண்ணுக்குத் தீங்கில்லை என்றும் கூறுகிறது. ஆனால் காரணத்தை விட்டுவிட்டது. வெளிச்சம் கூசினால் நம் இமை கால் விநாடிக்குள் மூடிக்கொள்ளும். கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளிக்கு இமை அசையாது. 1,400 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளம் கொண்ட அகச்சிவப்பு ஒளி விழித்திரை வரை சென்று குவியும். ஆகவே, 'ஒன்றும் தெரியவில்லையே' என்று குழாய்க்குள் உற்றுப் பார்ப்பதும், லென்ஸ் வைத்துப் பார்ப்பதும் தவறு. இந்த நான்கு வரிகளைச் சேர்த்திருந்தால் எச்சரிக்கை மனத்தில் பதிந்திருக்கும்.

மறந்துபோன வாயு

என் முதன்மையான குறை வேறு. கையேட்டின் பாதுகாப்புப் பகுதியில் பெரும்பாகம் லேசருக்கே போய்விட்டது. நைட்ரஜனுக்குக் கிடைத்திருப்பது ஒரே வாக்கியம்: 'கழுவு வாயுவை எப்போதும் நிறுத்தாதீர்.' ஏன் நிறுத்தக்கூடாது?

கண்ணாடிச் சாளரத்தில் தூசு படியாமல் இருக்க அதன்முன் வாயுவை ஊதிக்கொண்டே இருப்பார்கள். ஆக்ஸிஜனை அளக்கும் கருவியில் இதற்குக் காற்று உதவாது, காற்றிலேயே 20.9 சதவீதம் ஆக்ஸிஜன் இருக்கிறது. எனவே நைட்ரஜனை ஊதுகிறார்கள். அது நின்றுபோனால் என்ன ஆகும் என்று ஒரு சிறு கணக்குப் போடுவோம். புகைக்குழாயின் அகலம் 200 செ.மீ.; உள்ளே ஆக்ஸிஜன் 2 சதவீதம். பெருக்கினால் 400. இருபுறக் குழல்களிலும் மொத்தம் 20 செ.மீ. நீளத்துக்குக் காற்று புகுந்துவிட்டது, 20.9-ஐ 20-ஆல் பெருக்கினால் 418. வெப்பநிலை வேறுபாட்டை ஒதுக்கிவைத்தாலும், கருவி 2-க்குப் பதிலாக 4 சதவீதத்துக்கு மேல் காட்டும்! அதை நம்பி இயக்குநர் உலைக்குக் காற்றைக் குறைப்பார். எரிபொருள் அரைகுறையாக எரியும். கார்பன் மோனாக்சைடு சேரும். வெடிப்புக்கும் வழி ஏற்படும். ஒரு வால்வை மூடியதன் விளைவு இது. காரணம் அறிந்தவன் அந்த வால்வைத் தொடமாட்டான்.

நைட்ரஜனுக்கு இன்னொரு முகமும் உண்டு. கருவி ஒரு சிறிய அறைக்குள் இருந்து, அங்கு நைட்ரஜன் கசிந்தால், அறையின் ஆக்ஸிஜன் குறையும். நைட்ரஜனுக்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சுத் திணறும் உணர்வைத் தருவது உடலில் தேங்கும் கார்பன் டை ஆக்சைடு. ஆக்ஸிஜன் குறைவை உடல் அவ்வாறு உணர்த்துவதில்லை. ஆள் எச்சரிக்கையின்றி மயங்கி விழுவான். 1992 முதல் 2002 வரை அமெரிக்காவில் நிகழ்ந்த 85 நைட்ரஜன் விபத்துக்களில் 80 பேர் இறந்தனர் என்று அந்நாட்டு வேதியியல் பாதுகாப்பு வாரியம் 2003-இல் வெளியிட்டது. 2005 நவம்பர் 5 அன்று டெலவேர் மாநிலத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்றில், நைட்ரஜன் நிரம்பிய கலத்தில் ஒருவர் விழுந்தார். அவரைக் காப்பாற்ற இறங்கியவரும் மாண்டார். காற்றோட்டம், ஆக்ஸிஜன் எச்சரிக்கை மணி, தனியே நுழையாமை, சுவாசக் கருவியின்றி மீட்கப் போகாமை ஆகியவை பற்றிக் கையேட்டில் ஒரு சொல்லும் இல்லை.

துடைப்பதற்கு முன்

'ஒளி குறைந்தால் சாளரத்தைக் கழற்றி ஆல்கஹாலால் துடைக்கவும்' என்கிறது பராமரிப்புப் பகுதி. கழற்றும் இடத்துக்கு அப்பால் இருப்பது சூடான நச்சுப்புகை. சில ஆலைகளில் அது அழுத்தத்திலும் இருக்கும். அடைப்பு வால்வை மூடியாயிற்றா? அழுத்தம் இறங்கியதா? சாளரம் ஆறியதா? ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் அன்றோ! மேலும், கருவி நின்றிருக்கும் நேரத்தில் கட்டுப்பாட்டு அறைக்குப் பொய்யான அளவு போகக்கூடாது. முன்கூட்டியே அங்குத் தெரிவித்துவிட்டே கையை வைக்க வேண்டும். படிகளின் வரிசை இதுவாக இருந்திருக்க வேண்டும். துடைப்பது கடைசிப் படி.

இறுதியாக மொழி. கையேடு முழுவதும் ஆங்கிலத்தில் உள்ளது. திருகாணியைக் கழற்றுபவரோ தமிழில் படித்தவர். முழு நூலையும் மொழிபெயர்க்க இயலாவிட்டாலும், மேலே சொன்ன படிகளை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கருவியின் அருகே ஒட்டலாம். இதற்குச் செலவு ஏதுமில்லை. தொழிற்பயிற்சி பெறும் மாணவர்கள் இதையே ஒரு பயிற்சியாகச் செய்து பார்க்கலாம்: கையேட்டின் ஒவ்வொரு கட்டளைக்கும் எதிரே 'ஏன்?' என்று எழுதி, விடை தேடுங்கள். விடை கிடைக்காத கட்டளையை ஆசிரியரிடமும் பொறியாளரிடமும் கேளுங்கள்; கேட்ட பிறகே கருவியைத் தொடுங்கள்.