குறத்தி அறிந்ததும் அறியாததும்

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை அதன் சந்தத்துக்காகப் படித்தோர் பலர். அதற்குப் பரிசாக மதுரை முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் அளித்த நிலம் குறவஞ்சிமேடு என்றே பெயர்பெற்றது. அந்நூலை இன்று வேறொரு கேள்வியோடு அணுக விழைகிறோம்.

நம் தாமிரபரணிக் கரைப் பங்குகளிலும் காதல்வயப்பட்ட இளையோர் சிலர் கைப்பேசித் திரையில் டாரட் சீட்டுகளை விரித்து, 'அவர் மனத்தில் நான் இருக்கிறேனா?' என்று கேட்கின்றனர். கண்டித்தால், "இது குறி கேட்பதன்று, சாமி; எங்கள் உள்ளத்தை நாங்களே ஆராயும் வழி" என்கின்றனர். இவ்விடையை எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

வசந்தவல்லி திரிகூடநாதரை உலாவில் கண்டு மையல் கொள்கிறாள், தோழியைத் தூது விடுகிறாள், கூடலும் இழைக்கிறாள். கண்மூடி மணலில் வளையம் வரைந்து, முனைகள் கூடினால் தலைவன் வருவான் எனக் கொள்ளும் பழைய வழக்கம் அது. டாரட்டுக்கு நம் மண்ணில் உறவு தேடுவோர் கிளி எடுக்கும் சீட்டைக் காட்டுவர். கூடலே அதனினும் நெருங்கிய உறவு. அங்கே குறி சொல்பவர் எவருமில்லை. கேட்பவளும் அவளே, பார்ப்பவளும் அவளே.

பிறகே குறத்தி வருகிறாள். கைபார்த்து, இது காதற்காய்ச்சல் என்கிறாள். வசந்தவல்லி சினந்து மறுக்கிறாள். தலைவன் இன்னார் என்று குறத்தி உரைத்ததும் நாணித் தலைகுனிகிறாள். அவள் மறைத்து வைத்ததைக் குறத்தி அவளுக்கே வெளிப்படுத்திவிட்டாள். இளையோர் கூறும் ஆன்ம சோதனை இவ்வளவில் மெய்யே. ஆனால் திரிகூடநாதரின் மனம்? குறத்தியிடம் இருந்த சான்று வசந்தவல்லியின் கைரேகை மட்டுமே. ஒருத்தியின் கையைப் பார்த்து இன்னொருவரின் நெஞ்சைச் சொல்வது எங்ஙனம்?

டாரட் 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகத் தோன்றி, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் குறிச்சீட்டாயிற்று. இன்று பெரிதும் புழங்கும் 1909ஆம் ஆண்டுச் சீட்டுகளில், 'காதலர்' படத்தில் வானதூதரின் கீழ் ஓர் ஆணும் பெண்ணும் நிற்கின்றனர். (அதை வரைந்த பமேலா கோல்மன் சுமித் 1911இல் கத்தோலிக்கரானார் என்பது உபரிச் செய்தி.) அப்படத்தைக் கண்டதும் நம் நெஞ்சில் எழும் மகிழ்வும் அச்சமும் நம்முடையவையே. அவற்றை மற்றவருடையவையாக எண்ணும் கணத்தில் ஆன்ம சோதனை குறியாகிவிடுகிறது. அவருடைய மௌனத்துக்குச் சீட்டு பொருள் எழுதிவிடுகிறது. அவர் சொல்லாத சொல்லுக்காக மறுநாள் நாம் அவரோடு பிணங்குகிறோம். அவரோ ஒன்றுமறியார்.

1992ஆம் ஆண்டின் கத்தோலிக்க மறைக்கல்வி ஏடு, 2116ஆம் எண்ணில், குறிகேட்டலை விலக்குகிறது. இவ்விடத்தில் நமக்கு இன்னும் நெருக்கமாய்ப் படுவது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1057ஆம் சட்டம். மணமக்களின் இசைவை எந்த மனித அதிகாரமும் ஈடுசெய்ய இயலாது என்கிறது அது. பெற்றோராலும் பங்குக் குருவாலும் ஆகாததைச் சீட்டு எவ்வாறு செய்யும்?

கவிராயர் இதை நகைச்சுவையாக்கிவிட்டார் என்பது எம் கருத்து. பிறர் நெஞ்சைச் சொல்லிப் பரிசில் பெற்றுத் திரும்பும் சிங்கியைத் தேடி அலைகிறான் அவள் கணவன் சிங்கன். கண்டதும் அவன் குறி பார்ப்பதில்லை. காலணியைச் செத்த தவளையோ என்று ஐயுற்று, ஒவ்வோர் அணியாகக் கேட்கிறான். அவளும் ஒவ்வொன்றாக விடை சொல்கிறாள். அவ்விருவரும் கூடியதோடு நூல் முடிகிறது. வசந்தவல்லிக்கு என்னவாயிற்று என்று கவிராயர் சொல்லவில்லை.