ஓஸி பாடிய ‘நான்’ யாருடையது?

2025 ஜூலை 22ஆம் தேதி ஓஸி ஓஸ்போர்ன் இறந்தார். வயது 76. அதற்கு 17 நாள் முன்புதான், தான் வளர்ந்த ஆஸ்டன் பகுதியிலேயே இருக்கும் வில்லா பார்க் அரங்கத்தில் உட்கார்ந்தபடியே தன் கடைசி நிகழ்ச்சியைப் பாடி முடித்திருந்தார். அதன் பிறகு நான் வாசித்த அஞ்சலிக் குறிப்புகளில் ஒரு கருத்து திரும்பத் திரும்ப வந்தது: மனுஷன் தன்னுடைய பயத்தையும் குடியையும் தனிமையையும் ஒளிக்காமல் எழுதினார் என்று.

பாடினார் என்று சொல்லியிருந்தால் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ‘எழுதினார்’ என்ற சொல்லில்தான் சிக்கல். ஹெவி மெட்டல் உலகத்தில் 40 வருஷத்துக்கும் மேலாக நடந்த ஒரு வழக்கே அந்தச் சொல்லுக்குள் கிடக்கிறது.

பிளாக் சப்பாத் காலத்திலிருந்து தொடங்கலாம். 1970இல் வந்த ‘பாரனாய்ட்’, ‘வார் பிக்ஸ்’, ‘அயர்ன் மேன்’ மாதிரியான பாடல்களின் வரிகளைப் பெரும்பாலும் எழுதியவர் பேஸ் கித்தார் வாசித்த கீஸர் பட்லர். கித்தாரில் ரிஃப் பிடித்தவர் டோனி அயோமி. ஆனால் உறையில் நாலு பேருடைய பெயரும் சமமாக இருக்கும். இதை நான் ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். ஓர் அறைக்குள் நாலு பையன்கள் சேர்ந்து சத்தம் போட்டு உருவாக்கிய ஒன்றுக்கு நாலு பேரும் கையெழுத்துப் போடுகிறார்கள். யார் எவ்வளவு செய்தார் என்று தராசு பிடிக்காத ஒரு நேர்மை அதில் இருக்கிறது.

1979இல் ஓஸியைக் குழுவிலிருந்து வெளியே அனுப்பினார்கள். மறுவருஷமே ‘பிளிஸர்ட் ஆஃப் ஓஸ்’ வந்தது. கித்தாரில் ராண்டி ரோட்ஸ், பேஸில் பாப் டெய்ஸ்லி, ட்ரம்ஸில் லீ கெர்ஸ்லேக். வரிகளை எழுதியது தான்தான் என்று டெய்ஸ்லி பல பேட்டிகளிலும் தன் சுயசரிதையிலும் சொல்லியிருக்கிறார். வேலை நடந்த விதம் பற்றி அவர் சொல்வது நமக்குப் பழக்கமான ஒன்றுதான். ராண்டியும் அவரும் இசையைக் கட்டுவார்கள். ஓஸி அதன்மேல் அர்த்தமில்லாத சொற்களை வைத்து ஒரு மெட்டை முனகுவார். அந்த முனகலின் அசைக்குப் பொருந்துகிற மாதிரி டெய்ஸ்லி வரி எழுதுவார்.

தமிழில் இதற்குத் தத்தகாரம் என்று பெயரே இருக்கிறது. தத்தகாரம் போட்டவனைப் பாடலாசிரியன் என்று நாம் சொல்வதில்லை. அதேபோல, அவனுக்கு அந்தப் பாட்டில் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. மெட்டு இல்லாமல் வரிக்கு நிற்க இடமில்லை. ஓஸிக்கு மெட்டுப் பிடிக்கிற காது இருந்தது. அவருடைய குரலில் பெரிய வித்தை எதுவும் கிடையாது, வீச்சும் குறைவு. ஆனால் ஒரு மெட்டுக்குள் எங்கே அழுத்தினால் கேட்கிறவனுக்கு வலிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆக, அந்த இரண்டு ஆல்பங்களின் பாடல்களில் ஓஸி, ராண்டி, டெய்ஸ்லி என்று பெயர்கள் சேர்ந்து இருப்பது நியாயம்தான். சில பாடல்களில் கெர்ஸ்லேக்கின் பெயரும் உண்டு.

இதில் எனக்கு மிகவும் சுவாரஸ்யமான பாட்டு ‘சூசைட் சொல்யூஷன்’. ஆங்கிலத்தில் ‘சொல்யூஷன்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று தீர்வு, மற்றது கரைசல். குடி என்கிற கரைசல் மெல்ல மெல்லக் கொல்கிறது என்பதுதான் பாட்டின் விஷயம். 1980 பிப்ரவரியில் இறந்துபோன ஏசி/டிசி பாடகர் பான் ஸ்காட்டைப் பற்றிய பாட்டு அது என்று ஓஸி சொன்னார். டெய்ஸ்லியோ, குடித்துக் குடித்து அழிந்துகொண்டிருந்த ஓஸியைப் பார்த்துத்தான் எழுதினேன் என்றார். டெய்ஸ்லி சொல்வது சரியென்றால், ஒருத்தன் எச்சரிக்கையாக எழுதிக் கொடுத்ததை, யாருக்கு எழுதப்பட்டதோ அவரே வாங்கி, இன்னொருவருக்கான இரங்கலாகப் பாடிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு நல்ல சிறுகதைக்கான முரண் இது.

1984இல் கலிபோர்னியாவில் ஓர் இளைஞர் தன்னைத் தானே சுட்டுக்கொண்டு இறந்தபோது, அவர் ஓஸியின் பாடல்களைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதால் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அந்தப் பாட்டும் அதில் இழுக்கப்பட்டது. 1988இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வழக்கை ஏற்கவில்லை. பேச்சுரிமை பாட்டுக்கும் உண்டு என்றது. என் அக்கறை தீர்ப்பில் இல்லை. வழக்கின் முகமாக உலகம் பார்த்தது யாரை? வரியை எழுதியவரை அல்ல, பாடியவரைத்தான். எல்லாத் தொலைக்காட்சிகளிலும் ஓஸிதான் பதில் சொன்னார். புகழ் என்பது வரவு மட்டும் இல்லை, பழியும் அதே முகவரிக்குத்தான் வந்து சேரும். இதையும் அவர் கணக்கில் எழுதியாக வேண்டும்.

இதுவரை ஓஸி பக்கம் பேசினேன். இனிமேல் முடியாது.

1981 கடைசியில் ‘டைரி ஆஃப் எ மேட்மேன்’ வெளிவந்தபோது டெய்ஸ்லியும் கெர்ஸ்லேக்கும் குழுவில் இல்லை. அனுப்பிவிட்டார்கள். வாசித்தது அவர்கள், உறையில் வாசித்தவர்களாக அச்சானதோ அவர்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்த ரூடி சார்ஸோ, டாமி ஆல்ட்ரிட்ஜ் ஆகிய இருவரின் பெயர்கள். 1983இல் ‘பார்க் அட் தி மூன்’ வந்தது. அதன் உறையில் எல்லாப் பாடல்களையும் எழுதியவர் ஓஸி ஓஸ்போர்ன் ஒருவர் மட்டுமே. ராண்டி 1982 மார்ச்சில் விமான விபத்தில் இறந்துவிட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் ஜேக் ஈ. லீ. தலைப்புப் பாடலில் வரும் அந்த வெறிபிடித்த ரிஃப்பைக் கேளுங்கள். அது கித்தாரை மடியில் வைத்திருக்கிற ஒருத்தனின் விரல் கண்டுபிடித்தது என்று கித்தார் தெரியாதவர்களுக்குக்கூடத் தெரியும்.

பதிவு முடிந்த பிறகுதான் ஒப்பந்தத்தை நீட்டினார்கள், பாட்டில் தனக்கு உரிமை இல்லை, இதைப் பற்றி வெளியே பேசவும் கூடாது என்று அதில் இருந்தது, கையெழுத்துப் போடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள் என்று ஜேக் பிற்காலப் பேட்டிகளில் சொன்னார். டெய்ஸ்லி தன் வரிகளுக்கு மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு ஒதுங்கியதாகச் சொல்கிறார். இந்த இரண்டும் ஒன்றல்ல. ஒருவர் விற்றார், மற்றவர் தன் சொல்படி மிரட்டலுக்குப் பணிந்தார். ஆனால் உறையை வாங்கிப் பார்க்கிற நமக்கு இரண்டும் ஒரே வரியாகத்தான் தெரிகிறது: எழுதியவர் ஓஸி.

சப்பாத் காலத்தில் எல்லோர் பெயரையும் சேர்த்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அங்கே பெயர்கள் கூடின, இங்கே பெயர்கள் குறைந்தன. ‘புகழ் அப்படித்தான், பெரிய பெயர் சின்னப் பெயரை விழுங்கிடும்’ என்று நண்பர்கள் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. புகழ் தானாக எதையும் விழுங்காது. எங்கோ ஒரு மேசையில் யாரோ ஒருவர் ஒரு தாளை நகர்த்தி ‘இங்கே போடு’ என்று விரல் வைத்துக் காட்டியிருக்கிறார். 1991இல் வந்த ‘நோ மோர் டியர்ஸ்’ ஆல்பத்தைப் பாருங்கள். மோட்டர்ஹெட் குழுவின் லெம்மி நாலு பாடல்களுக்கு எழுதினார். அவர் பெயர் போட்டார்கள், பணம் கொடுத்தார்கள். மோட்டர்ஹெட்டில் பல வருஷம் சம்பாதித்ததைவிட அந்த நாலு பாட்டில் அதிகம் கிடைத்தது என்று லெம்மியே சொல்வார். அப்போது ஓஸியின் புகழ் குறைந்தா போனது?

உச்சம் 2002இல் வந்தது. அந்த மார்ச்சில் எம்டிவியில் ‘தி ஓஸ்போர்ன்ஸ்’ தொடங்கியது. வீட்டுக்குள் தடுமாறி நடக்கிற, ரிமோட்டை இயக்கத் தெரியாத அப்பாவாக ஓஸியை உலகமே பார்த்தது. மெட்டல் என்றால் காதைப் பொத்துகிறவர்களுக்கும் அவர் செல்லமாகிப்போனார். அடுத்த மாதமே அந்த முதல் இரண்டு ஆல்பங்களின் மறுபதிப்பு வந்தது. டெய்ஸ்லியும் கெர்ஸ்லேக்கும் ராயல்டி கேட்டு வழக்குப் போட்டிருந்த நேரம் அது. மறுபதிப்பில் அவர்கள் வாசித்த பேஸையும் ட்ரம்ஸையும் முழுசாக எடுத்துவிட்டு, ராபர்ட் ட்ருஜில்லோவையும் மைக் போர்டினையும் வைத்துப் புதிதாக வாசித்துச் சேர்த்திருந்தார்கள்.

அந்த 2002 சிடி என்னிடம் இருக்கிறது. ‘ஓவர் தி மவுண்டன்’ பாட்டு ட்ரம்ஸில்தான் தொடங்கும். மலைச்சரிவில் பாறை உருண்டு வருகிற மாதிரி கெர்ஸ்லேக் அடிக்கும் அந்தச் சில நொடிகள்தான் பாட்டின் வாசல். பாட்டை எழுதியவர்களில் அவரும் ஒருவர். மறுபதிப்பில் வாசலை இடித்து வேறு வாசல் கட்டியிருக்கிறார்கள். போர்டின் மோசமான கலைஞர் இல்லை, தப்பாகவும் வாசிக்கவில்லை. ஆனால் 20 வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ராண்டியின் கித்தார், தன்னோடு ஒரே அறையில் உட்காராத இருவரோடு சேர்ந்து ஒலிக்கிறது. ராண்டி ஒரு இடத்தில் கொஞ்சம் இழுத்தால் அதற்குப் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. கேட்கக் கேட்க எனக்கு ஏதோ ஆவியோடு பேசுகிற கூட்டம் மாதிரி இருந்தது.

அவர்களை நீக்க விரும்பியது ஓஸிதான் என்று மனைவியும் மேலாளருமான ஷாரன் சொன்னார். அது தன் முடிவே இல்லை என்று ஓஸி பின்னர் ‘ஐ ஆம் ஓஸி’ என்ற சுயசரிதையில் சொன்னார். அந்தப் புத்தகத்தின் ‘நான்’கூட அவர் தனியாக எழுதியது இல்லை, கிறிஸ் ஏயர்ஸ் என்ற பத்திரிகையாளரோடு சேர்ந்து எழுதியது. அவர் பெயரைப் புத்தகத்தில் ஒழுங்காகப் போட்டிருக்கிறார்கள். புத்தகத்துக்கு முடிந்தது பாட்டுக்கு ஏன் முடியாமல் போனது?

இலக்கிய நண்பர்கள் இந்த இடத்தில் ரோலன் பார்த்தைக் கூப்பிடுவார்கள். ஆசிரியன்தான் செத்துட்டானே, யார் எழுதினா என்ன, பிரதி இருக்குல்ல என்பார்கள். பார்த் சாகடித்தது, பிரதியின் அர்த்தத்துக்குச் சொந்தம் கொண்டாடுகிற ஆசிரியனை. அந்த அளவில் எனக்கும் சம்மதம். டெய்ஸ்லி எழுதிய ‘நான்’, ஓஸி வாயில் வந்ததும் ஓஸியின் ‘நான்’ ஆகிவிடுகிறது, பிறகு கேட்கிற என்னுடையதாகவும் ஆகிவிடுகிறது. வாசிப்பின் அதிசயமே அதுதான். ஆனால் பார்த்தின் கட்டுரையை ராயல்டி கணக்குப் புத்தகத்தில் ஒட்ட முடியாது. அங்கே ஆசிரியன் சாகவில்லை, இன்னொருவரின் பெயரில் நன்றாக உயிரோடு இருக்கிறான். எழுதியவன் பெயர் முக்கியமில்லை என்று சொல்கிறவர்கள், பெரும்பாலும் தங்கள் பெயர் ஏற்கனவே அச்சில் இருக்கிறவர்கள்.

டெய்ஸ்லியும் கெர்ஸ்லேக்கும் அமெரிக்க நீதிமன்றங்களில் தோற்றார்கள். 2011இல் வந்த மறுபதிப்பில் பழைய பேஸும் ட்ரம்ஸும் சத்தமில்லாமல் திரும்பி வந்தன. கெர்ஸ்லேக்கைப் புற்றுநோய் பிடித்திருந்தது. கடைசிக் காலத்தில் அவர் ஓஸியிடமும் ஷாரனிடமும் கேட்டது, அந்த இரண்டு ஆல்பங்களின் பிளாட்டினம் தட்டுகள். சுவரில் மாட்டி வைக்க. 2019இல் ஓஸி அதை அனுப்பி வைத்தார். 2020 செப்டம்பரில் கெர்ஸ்லேக் இறந்தார். வழக்கில் கிடைக்காத காசைவிட, ‘நானும் அங்கே இருந்தேன்’ என்று சொல்ல ஒரு சட்டம் போட்ட தட்டுதான் அவருக்கு வேண்டியிருந்தது.