இரப்பும் இரக்கமும்: செபுவானோச் சொற்கள் சில

ஒரு மொழியில் கையேந்தி நிற்பவனைக் குறிக்கும் சொற்களை ஆராய்வது அம்மொழி பேசும் மக்களை அறிதற்குச் சிறந்த வழியாகும். கேட்பவன் எந்நிலையில் நின்று கேட்கிறான், கொடுப்பவன் எவ்வுணர்வால் கொடுக்கிறான் என்னும் இரண்டையும் அச்சொற்கள் மறைக்காமல் காட்டிவிடும். நம் அண்டை நாடாகிய பிலிப்பீன்சில் வழங்கும் செபுவானோ மொழியை இந்நோக்கில் காண்போம். செபு, போஹோல் தீவுகளிலும் மிண்டனாவின் பெரும்பகுதியிலும் ஏறத்தாழ 2 கோடி மக்கள் பேசும் மொழி அது, மலாய்க்கு உறவுமொழி. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பணிபுரியும் பிலிப்பீனருள் அதனைத் தாய்மொழியாகக் கொண்டோரும் உளர். ஆயினும் நாம் அதனைக் கற்க முற்பட்டால், நமக்குக் கிட்டுவன ஆங்கிலத்தில் பொருள் எழுதிய அகராதிகளே. அந்த ஆங்கிலப் பொருள் நம்மை எவ்வளவு தொலைவு அழைத்துச் செல்கிறது, எவ்விடத்தில் கைவிடுகிறது என்பதே ஈண்டு ஆராயத் தக்கது.

முதலில் கேட்டலைக் குறிக்கும் சொற்களை நோக்குவோம். 'பங்ஙாயோ' என்பது ஒன்றைத் தருமாறு கேட்டல். உதவி கேட்பதும் மன்னிப்புக் கேட்பதும் அச்சொல்லால் அமையும். 'ஹங்யோ' என்பது வேண்டுகோள். சந்தையில் விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவதும் ஹங்யோதான். செபு நகரத்துக் கார்பன் சந்தையில் மீன் வாங்க வந்தவர் ஹங்யோ செய்தால் அவர் மதிப்பு ஒரு சிறிதும் குறைவதில்லை. 'பங்ஙாமூயோ' என்பது உருகி மன்றாடுதல். இறைவன் திருமுன் செய்யும் வேண்டுதலுக்கும் உரியது. 'பாக்கிலிமோஸ்' என்பது பிச்சை கேட்டல். 'பாக்கிலுவொய்' என்பது இரக்கம் காட்டுமாறு வேண்டுதல். இவற்றுள் பின்னைய நான்கையும் ஆங்கிலத்தில் 'பெக்' என்னும் ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட இயலும். அங்ஙனம் அடக்கினால், சந்தையில் விலை பேசும் இல்லத்தரசியும், கோவிலில் மண்டியிட்டவரும், தெருவோரத்தில் தகரக்குவளை ஏந்தியவரும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுவர். பொருள் பிழையன்று, ஆனால் போதாது.

கேட்கும் சொற்களிடையே வேற்றுமை காண்பது தமிழாசிரியர்க்குப் புதிதன்று. ஈ, தா, கொடு என்னும் மூன்றையும் கேட்பவனுடைய தாழ்வு, ஒப்பு, உயர்வு நோக்கித் தொல்காப்பியர் வகுத்தார் அல்லரோ? மூன்றுக்கும் 'கிவ்' என்று எழுதி மாணவனை அனுப்பிவிடும் ஆசிரியரை நாம் ஒப்புக்கொள்வதில்லை. அதே நீதியைப் பிறமொழிக்கும் வழங்குதல் நம் கடமை.

இனி இரக்கத்துக்கு வருவோம். செபுவானோவில் இதற்கு வேர் 'லுவொய்'. அதிலிருந்து 'கலுவொய்' என்னும் பெயர் பிறக்கிறது. இரங்கத்தக்கவர் 'மக்கலுலுவொய்'; இரக்கமுடையவர் 'மலுலொயொன்'. வேருடன் 'பாக்கி' என்னும் முன்னொட்டைச் சேர்த்தால் முன்னர்க் கண்ட பாக்கிலுவொய் ஆகிறது. அம்முன்னொட்டு ஒன்றை வேண்டிக் கேட்டலைக் குறிப்பது. உதவியாகிய 'தாபாங்' அதனைப் பெற்றுப் 'பாக்கிதாபாங்' ஆனால் உதவி கேட்டல். ஆகவே இரப்பு என்பது இரக்கத்தைக் கேட்பதே என்று அம்மொழியின் சொல்லமைப்பே சொல்லிவிடுகிறது.

ஆங்கிலமோ இவ்வேரின் குடும்பத்தைப் பல வீடுகளாகப் பிரித்துவிடுகிறது. தெருவில் கிடப்பவன்பால் தோன்றுவது 'பிட்டி'. அரசனும் நடுவரும் ஆண்டவனும் காட்டுவது 'மெர்சி'. முன்னது இலத்தீனில் கடமைப் பற்றையும் பத்தியையும் குறித்த சொல்லிலிருந்து வந்தது. பின்னது கூலியையும் விலையையும் குறித்த சொல்லிலிருந்து வந்தது. செபுவானோவில் இப்பிரிவு இல்லை. கத்தோலிக்கத் திருப்பலியில் ஆண்டவரை நோக்கி 'எங்கள்மேல் இரங்கும்' என்று வேண்டுமிடத்து அவர்கள் சொல்லும் 'கலோயி' என்பது இதே லுவொய்யின் திரிபே. ஏழை செல்வனிடம் வேண்டுவதும், செல்வன் இறைவனிடம் வேண்டுவதும் ஒரே பொருளைத்தான். ஓரிடத்தில் 'பிட்டி' என்றும் மற்றோரிடத்தில் 'மெர்சி' என்றும் படித்துச் செல்பவர்க்கு இவ்வுண்மை புலப்படாது.

'லிமோஸ்' என்னும் சொல்லின் வரலாறு இன்னும் சுவையானது. மகெல்லன் செபுவில் இறங்கியது 1521-இல். இஸ்பானியக் குடியேற்றம் அங்கு நிலைபெறத் தொடங்கியது 1565-இல். அவ்வாட்சி முடிந்தது 1898-இல். அவர்கள் தந்த 'லிமோஸ்னா' என்பதே தேய்ந்து லிமோஸ் ஆயிற்று. பிச்சை கேட்போர் 'மாக்கிலிலிமோஸ்' ஆயினர். லிமோஸ்னாவின் மூலமோ இரக்கம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல். ஆங்கில 'ஆம்ஸ்' என்பதற்கும் அதுவே மூலம். வந்த சொல்லைத் தோண்டினாலும் அடியில் கிடப்பது இரக்கமே! மலாய்க்காரர் 'செடெக்கா' என்பதை அரபியிலிருந்து பெற்றனர். நாம் பிச்சை என்பதை வடமொழியிலிருந்து பெற்றோம். கொடைக்குரிய சொல் சமயத்தோடு கடல் கடந்தும் மலை கடந்தும் வருவது உலகியல்பு போலும். இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். இரத்தல், இரங்கல் என்னும் நம் சொற்களின் ஒலியைக் கண்டு, தமிழிலும் இரப்பும் இரக்கமும் ஒரே வேரின என்று உடனே முடிவு கட்டிவிடலாகாது. ஒலியொப்புமை மட்டும் வேரொற்றுமைக்குச் சான்றாகாது.

ஆங்கிலம் முற்றிலும் தடுமாறும் இடம் 'இன்தாவொன்' என்னும் இடைச்சொல்லாகும். 'எனக்கு உதவுங்கள்' என்பதனுடன் அது சேர்ந்தால் கெஞ்சலாகும். 'அவர் இறந்துவிட்டார்' என்பதனுடன் சேர்ந்தால் 'ஐயோ பாவம்' என்னும் பரிவாகும். முன்னதற்கு 'பிளீஸ்' என்றும், பின்னதற்கு 'புவர் திங்' என்றும் ஆங்கிலத்தில் எழுதுவர். இரப்பவன் வாயிலும் இரங்குபவன் வாயிலும் ஒரே சொல் நிற்பதை இவ்விரு மொழிபெயர்ப்பும் மறைத்துவிடுகின்றன. நம் 'பாவம்' கூடப் பின்னதற்கே பொருந்தும்.

இஃது ஏட்டுச் சிக்கல் மட்டுமன்று. 1978-இல் பிலிப்பீன்சு அரசு இரத்தலைத் தடுக்க ஓர் ஆணை பிறப்பித்தது. பொதுவிடங்களில் பிச்சையிடுவோர்க்கும் 20 பெசோவுக்கு மேற்படாத தண்டம் அதில் விதிக்கப்பட்டது. அவ்வாணை இரப்போரைச் சுட்டுவது 'மெண்டிகன்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லால். அச்சொல்லில் இரக்கத்தின் சாயல் இல்லை. மாக்கிலிலிமோஸ் என்பவரை விரட்டுவதினும் மெண்டிகன்ட் என்பவரை விரட்டுவது எளிது.

செபுவானோவுக்கு ஆங்கிலத்தில் அமைந்த அகராதிகளுள் தலையாயது ஜான் உல்ஃப் தொகுத்து, கார்னெல் பல்கலைக்கழகத்தின் வழி 1972-இல் வெளிவந்தது. பொருளோடு நில்லாமல் வழக்கிலுள்ள வாக்கியங்களையும் மொழிபெயர்ப்புடன் தருவது அதன் பெருஞ்சிறப்பு. நாம் கூறிய குறைக்கு மருந்து அந்நூலிலேயே அவ்வாக்கியங்களாக உள்ளது. ஆயினும் அது தொடக்க மாணவர்க்கு எளிதன்று. அ, இ, உ என்னும் மூன்று உயிர்களாலேயே அவர் எழுதுவதால் ஹங்யோ அங்கே 'ஹங்யு' என்றும், லிமோஸ் 'லிமுஸ்' என்றும் நிற்கும். மாக்கிலிலிமோஸ் வேண்டுமாயின் வேர்ச்சொல்லின் கீழ்த் தேடவேண்டும். பொருளை மட்டும் பார்த்து நூலை மூடுபவர்க்கு அதன் பயனிற் பாதி கிட்டாது.

தமிழாசிரியர் இதனின்று கொள்ளத்தக்கது தெளிவு. ஆசிய மொழி ஒன்றை ஆங்கிலத்தின் துணைகொண்டு அணுகுவதில் தவறில்லை, பாலம் வேண்டியதே. பாலத்திலேயே குடியிருத்தல் தவறு. சொல்லை வாக்கியத்தில் காண்க, வேரைக் காண்க, யார் யாரிடம் சொல்கிறார் என்பதைக் காண்க. பின்னர்த் தமிழில் நேரே பொருள் எழுதுக. அப்பொழுதுதான் மாக்கிலிலிமோஸ் என்பவர் நமக்கு வெறும் பிச்சைக்காரராகத் தோன்றாமல், நம்மிடம் இரக்கத்தைக் கேட்டு நிற்கும் மனிதராகத் தோன்றுவார்.