நகையும் இழவும்: ‘மெரி கிறிஸ்துமஸ்’ திரைப்படத்தில் மெய்ப்பாட்டு முரண்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், அழுகையின் நிலைக்களன்களுள் இழவையும் நகையின் நிலைக்களன்களுள் பேதைமையையும் வைத்துள்ளது. இவ்விரண்டும் ஒரே காட்சியில் ஒருங்கே தோன்றின் பார்வையாளர் நிலை யாதாகும்? ஸ்ரீராம் ராகவன் இயக்கத்தில் 2024 ஜனவரி 12 அன்று தமிழிலும் இந்தியிலும் வெளிவந்த ‘மெரி கிறிஸ்துமஸ்’ இவ்வினாவை எழுப்புகின்றது. பிரெஞ்சு எழுத்தாளர் பிரெடெரிக் தார் 1961இல் வெளியிட்ட புதினத்தின் தழுவல் இது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் பம்பாய் திரும்பும் ஆல்பர்ட் (விஜய் சேதுபதி) தாயை இழந்தவன். நகர் விழாக்கோலம் பூண்டிருக்க, அவன் வீடு வெறுமையுற்றுக் கிடக்கின்றது. அவ்விரவில் அவன் மரியாவையும் (காத்ரீனா கைஃப்) வாய் பேசாத அவள் மகளையும் சந்திக்கின்றான். பின்னர் மரியாவின் வீட்டில் அவள் கணவனின் பிணத்தைக் காண நேர்கின்றது. பிணத்தின் முன் அவன் கொள்ளும் பதற்றமும் தப்பிச் செல்லும் முயற்சியும் நகைப்பூட்டுகின்றன.

எனினும் இந்நகை நெடிது நிலைப்பதில்லை. துபாயில் இருந்ததாக அவன் கூறியது பொய். காதலியைக் கொன்று சிறை சென்றவன் அவன். கணவனின் மரணமும் மரியா வகுத்த திட்டமே. இவை வெளிப்பட்டபின், நம்மைச் சிரிக்க வைத்தது நம் அறியாமையே எனத் தெளிகின்றோம். அதாவது, பேதைமை பாத்திரங்களிடத்தன்று, பார்வையாளரிடத்தே உள்ளது. இதுவே இப்படத்தின் சிறப்பு எனலாம்.

தமிழ் வடிவில் காவலர் பாத்திரங்களை ராதிகா சரத்குமாரும் சண்முகராஜனும் ஏற்றுள்ளனர். இந்தியில் அவற்றை வேறு நடிகர் ஏற்றனர். தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி அமைந்த மந்திர் மார்க் போன்ற இருமொழிச் சூழலில் வாழும் தமிழர்க்கு இவ்விரு வடிவங்களும் ஒப்பாய்வுக்குரியன. நகையின் தொனி பெரிதும் துணைப்பாத்திரங்களின் பேச்சைச் சார்ந்திருத்தல் அவ்வொப்பீட்டில் புலனாகும்.

ஆயினும் ஒரு குறை சுட்டத்தக்கது. இறுதியில் மரியாவின் பொருட்டு ஆல்பர்ட் பழியேற்பது அன்பின் உச்சமாகக் காட்டப்படுகின்றது. அவனால் கொல்லப்பட்ட ரோசிக்கு இரங்குவார் எவருமிலர். அவள் மரணம் அவனது துயரப் பின்புலமாக மட்டுமே சுருங்குகின்றது. கொன்றவனின் துயருக்கு இடமளித்த படைப்பு, கொல்லப்பட்டவளின் இழவுக்கு இடமளிக்கவில்லை. துன்பத்தினிடையே நகையைத் தோற்றுவிக்கும் கலை, யார் இழவு அழுகைக்குரியது என்னும் வினாவிற்கும் விடை கூறக் கடமைப்பட்டுள்ளது. இப்படம் அவ்விடையைக் கூறாமலே முடிகின்றது.